ஓடும் பெண்ணுக்கு ரத்தம் வேண்டும்

தூத்துக்குடி தருவை மைதானத்தில் தினமும் ஓடும் ஒரு கல்லூரி மாணவியின் தாயார் கேட்டார்: "டாக்டரய்யா, நூறு மீட்டர் ஓடினாலே பிள்ளைக்குத் தலை சுத்துது. ஓட்டத்தை நிறுத்திரட்டுமா?"

ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா, முதலில் ரத்தத்தைப் பாருங்கள் என்றேன்.

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியை எடுத்துக் கொள்ளுங்கள். பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலில் ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் விடாமல் பேசி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்கச் செய்தார். 100, 200 மீட்டர் ஓடியவர் 400-க்கு மாறி, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். விடுதி என்றால் வேளாவேளைக்குச் சோறு. அதையும் பயிற்சியில் சேர்த்தே நான் எண்ணுவேன்.

நம் மாணவிக்கு ஹீமோகுளோபின் 9 கிராம்தான். 12-க்குக் குறையக் கூடாது. சித்த மருத்துவம் இதைப் பாண்டு என்னும். மாதவிலக்கில் ரத்தம் போகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஓட்டம், சாப்பிட்ட கையோடு டீ! பிறகு ரத்தம் எப்படி ஊறும்?

கடும் ஓட்டத்தைச் சில வாரம் ஒத்தி வைத்தோம். முருங்கைக் கீரையும் கேழ்வரகும் உண்ணும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். நம் கரையில் கிடைக்கும் சாளை, நெத்திலியும் நல்லது. டீ, காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான். அயச்செந்தூரத்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால், 'ஓடுறதாலதான்' என்று சும்மா இருக்க வேண்டாம். சாப்பாடு போதாததாலும் அப்படி நிற்கும், எலும்பும் பலவீனமாகும். ஓடும்போது மயங்கி விழுந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.