கேம்பர்வேன் கூரை விசிறி: மலைக்கு எது பொருந்தும்?

வயரிங் தெரிந்த இளைஞர்களுக்குக் கேம்பர்வேன் கூரையில் விசிறி பொருத்தும் வேலை நல்ல கைத்தொழில். கேமரன் மலைக்குக் கம்போங் ராஜா வழியாக ஏறி, கோலா தெர்லாவில் இரவு தங்கும் வண்டிக்கு விசிறி தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சமவெளியில் விசிறி சூட்டை விரட்டும். கேமரன் மலையில் அது ஈரத்தை வெளியேற்ற வேண்டும்.

ஈரத்தின் கணக்கு

1 கிலோ சமையல் கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். தூங்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் ஓர் இரவில் அரை லிட்டரை நெருங்கும். அத்தனையும் குளிர்ந்த தகரத்தில் நீராகக் கோத்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

"வெளியே மூடுபனி, திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும்?" என்று வாடிக்கையாளர் கேட்பார். 16 டிகிரி பனிக்காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் சுமார் 70 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். மழை நாளில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போது, விசிறிக் காற்றில் சூடு கலப்பதும் இதற்காகத்தான். ஆகவே பனியிலும் விசிறி ஓடட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

*மூடி:* இதுவே முதல் கேள்வி. மழைத்துளி பட்டதும் தானாக மூடிக்கொள்ளும் சென்சார் வகை உண்டு. மலையில் மழை பிடிக்கும் நேரமும் அடுப்பு எரியும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே. தேவைப்படும் வேளையில் அது மூடிக்கிடக்கும். மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் போல மழைக்கூரை அமைந்த வகை கொட்டும் மழையிலும் ஓடும். விலை கூடினாலும் மலைக்கு அதையே பரிந்துரையுங்கள்.

*வேகம்:* இரவு முழுவதும் மெதுவாக ஓடும் விசிறியே இங்கு பயன்படும். குறைந்த வேகத்தில் அரை ஆம்பியர் இழுத்தால், 10 மணி நேரத்துக்கு 5 ஆம்பியர்-மணிதான் செலவு. அதுவே 3 ஆம்பியர் என்றால் 30. மேகம் மூடிய நாளில் சோலாரை நம்ப முடியாது என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

*அளவு:* 14 அங்குலச் சதுரத் திறப்பு பரவலாகக் கிடைக்கிறது. பின்னாளில் மாற்றுவதும் எளிது.

பொருத்தும்போது

கூரையை வெட்டுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதி தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூரையின் குறுக்குச் சட்டங்களை அறுக்காமல் இடம் பாருங்கள். வெட்டிய விளிம்பில் துரு தடுக்கும் பிரைமர் பூசி, விசிறிச் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள். திருகுகளின் மேல் கூரைக்கென உள்ள சீலண்ட் போடுங்கள். வெறும் சிலிக்கோன் வேண்டாம். பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது. தயாரிப்பாளர் சொன்ன அளவு ஃபியூஸைப் பேட்டரிப் பக்கம் வையுங்கள்.

விசிறி ஒரு முனையில் இருந்தால், மறுமுனையில் ஜன்னல் சற்றே திறந்திருக்க வேண்டும். கேஸ் அடுப்புள்ள வண்டியில் இது உயிர் காக்கும் விதி. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

ஒப்படைக்கும்முன்

ஜன்னலருகே ஊதுபத்தி பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு விசிறி நோக்கிப் போனால் காற்றோட்டம் சரி. பிறகு தண்ணீர்க் குழாயால் கூரையை நனைத்துக் கசிவு பாருங்கள். மலையில் முதல் இரவு தங்கியபின் வாடிக்கையாளரை அழைத்து, காலையில் கண்ணாடியில் நீர் கோத்திருந்ததா என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் வேலைக்கு மதிப்பெண்.