நான்ஃபு வாங்: இரண்டு நாடுகளையும் கேள்வி கேட்கும் கேமரா

சீனாவின் ஜியாங்சி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 1985-ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்த வீடு அது. பிறந்தது பெண்தான் என்றாலும், வளர்ந்து ஆணைப்போல் குடும்பத்தைத் தாங்கட்டும் என்று அதற்கு 'நான்ஃபு' என்று பெயர் வைத்தார்கள். 'நான்' என்றால் ஆண். 'ஃபு' என்றால் தூண். நம் கிராமங்களில் அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் 'போதும்பொண்ணு' என்று பெயரிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் காதுக்கு அந்த 'நான்' வேறொரு பொருளும் தருகிறது. அது தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் பின்னாளில் அவர் எடுத்த ஆவணப்படங்களில் பெரும்பாலானவை 'நான் பார்த்தேன், நான் கேட்டேன்' என்று தன் குரலிலேயே பேசுபவை.

வெளியூரில் வாழ்ந்து பேரெடுத்த ஒருவரைப் பாராட்டும்போது 'இரு பண்பாடுகளை இணைக்கும் பாலம்' என்று சொல்வது மேடை வழக்கம். நம் சங்க விழாக்களில் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் இந்தத் தொடரைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். நான்ஃபு வாங்கையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அவர் செய்வது இரு கரைக்கும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பும் வேலை அன்று. பிறந்த நாட்டில் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டுவிட்டு, அதே கேள்வியைக் குடியேறிய நாட்டிடமும் கேட்கிறார். இதனால் இரண்டு பக்கத்திலும் அவருக்கு முழு வரவேற்பு இல்லை.

நான்ஃபுவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தந்தை இறந்துபோனார். மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. தொழிற்பள்ளியில் படித்து, ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலம் கற்றார். பிறகு ஷாங்காய் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம். 2011-ல் அமெரிக்கா சென்று ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இன்னொன்று. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆவணப்படக் கல்வியில் மூன்றாவது. மேல்நிலைப் பள்ளியே எட்டாமல் போன பெண்ணுக்கு மூன்று முதுகலைப் பட்டங்கள்!

படிப்பு முடியும் தறுவாயில், 2013-ல், சீனா திரும்பி ஒரு படம் எடுத்தார். ஹைனான் தீவின் வான்னிங் நகரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரும் ஓர் அரசு அலுவலரும் பள்ளிச் சிறுமியர் ஆறு பேரை விடுதிக்கு அழைத்துச் சென்ற கொடுமைக்கு எதிராக, யே ஹையான் என்ற பெண் போராளி தெருவில் பதாகை பிடித்து நின்றார். அவருடைய புனைபெயருக்கு 'போக்கிரிக் குருவி' என்று பொருள். அதுவே ஆங்கிலத்தில் 'ஹூலிகன் ஸ்பேரோ' என்று படத்தின் பெயராயிற்று. படம் எடுக்கப் போனவர் தாமும் படத்தின் பாத்திரமாகிவிட்டார். போராட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆட்கள் அவரையும் பின்தொடர்ந்தார்கள். வீட்டாரையும் நண்பர்களையும் அதிகாரிகள் விசாரித்தார்கள். மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ரகசியக் கேமராவால் சில காட்சிகள் எடுக்கப்பட்டன. படச்சுருள் காலம் போய்விட்டதால், எடுத்ததை எல்லாம் மறைத்து நாட்டை விட்டு வெளியே கொண்டுவர முடிந்தது. 2016-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் படம் திரையிடப்பட்டது.

அடுத்து 2017-ல் வெளிவந்த 'ஐ ஆம் அனதர் யூ' முற்றிலும் அமெரிக்கப் படம். ஃபுளோரிடாவில் வீடு வாசலைத் துறந்து தெருவில் வாழ்ந்த ஓர் இளைஞருடன் இவரும் தெருவில் தங்கிப் படம் எடுத்தார். கட்டுப்பாடு மிகுந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்த வாழ்க்கை முதலில் சுதந்திரமாகவே தெரிந்தது. பிறகு அவருடைய குடும்பத்தைத் தேடிப் போனபோதுதான், அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் மனநோயும் போதைப் பழக்கமும் இருந்தது தெரியவந்தது. புதிதாக வந்தவரின் கண் எப்படி ஏமாறுகிறது என்பதைத் தம்மையே உதாரணமாக்கிக் காட்டியிருக்கிறார். அவர் படங்களில் அதிகம் பேசப்படாதது இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

ஆனால் அவர் பெயரை உலகம் அறியச் செய்தது 2019-ல் ஜியாலிங் ஜாங்குடன் சேர்ந்து இயக்கிய 'ஒன் சைல்ட் நேஷன்'. சன்டான்ஸ் விழாவில் அமெரிக்க ஆவணப்படங்களுக்கான முதல் பரிசு பெற்றது. 1980-ஐ ஒட்டித் தொடங்கி 2015 முடிய சீனாவில் நடப்பிலிருந்த 'ஒரே குழந்தை' சட்டம் பற்றிய படம் அது. 2017-ல் தமக்கு ஒரு மகன் பிறந்தபோதுதான் அந்தச் சட்டத்தைப் பற்றித் தாம் ஒருநாளும் யோசித்ததே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. கைக்குழந்தையோடு சொந்த ஊருக்குப் போனார். தாய் பேரனைப் பார்த்துக்கொள்ள, மகள் உறவுக்காரர் வீடு வீடாகக் கேமராவுடன் நுழைந்தார்.

முதல் கேள்வி சொந்த வீட்டில். கிராமத்தார் முதல் பிள்ளை பெண்ணாக இருந்தால், சில ஆண்டு இடைவெளி விட்டு இரண்டாவது பெற அனுமதி இருந்தது. அப்படித்தான் நான்ஃபுவுக்குத் தம்பி பிறந்தான். பிரசவத்தின்போது பாட்டி ஒரு கூடையைத் தயாராக வைத்திருந்தார். இரண்டாவதும் பெண்ணானால் கூடையில் போட்டுத் தெருவில் விட்டுவிடுவது என்று முடிவு. தாய் இதை ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொல்கிறார். சேலத்தில் 1992-ல் 'தொட்டில் குழந்தைத் திட்டம்' ஏன் தொடங்கப்பட்டது என்று நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கூடை அந்நியமாகப் படாது.

மாமா ஒருவருக்குப் பெண் பிறந்தது. அவருடைய தாயின் பிடிவாதத்தால் குழந்தையைச் சந்தையில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை, குழந்தை இறந்துவிட்டது. அந்நாளைய கிராமத் தலைவரைக் கேட்கிறார், கருத்தடை செய்த மருத்துவச்சியைக் கேட்கிறார். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: "வேறு வழி இல்லை, மேலிடத்து உத்தரவு." படம் முழுக்க இந்த 'வேறு வழியில்லை' பல்லவி போல வந்துகொண்டே இருக்கிறது. மருத்துவச்சி மட்டும் கணக்குச் சொல்கிறார்: கருத்தடையும் கருக்கலைப்புமாக ஐம்பது அறுபதாயிரம் செய்திருப்பார். அந்தப் பாவம் தீரவென்று, ஓய்வுக்குப் பின் குழந்தையில்லாத தம்பதிகளுக்கு மட்டுமே சிகிச்சை தருகிறார். அவர்கள் நன்றியோடு தந்த கொடிகளும் குழந்தைப் படங்களும் சுவரெங்கும் தொங்குகின்றன. அந்தச் சுவரைக் கேமரா காட்டும்போது நான்ஃபு கண்டனம் எதுவும் சொல்வதில்லை. சிறுமியாக இருந்தபோது அதே சட்டத்தைப் புகழ்ந்து பாடியவர்தாமே அவரும்! தமக்குத் தம்பி இருப்பதைப் பள்ளியில் சொல்லக் கூசியவர்.

நம் நாட்டிலும் சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் வரைந்த காலம் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வட இந்தியாவில் பள்ளி ஆசிரியர்களுக்குக்கூட 'இத்தனை பேரைக் கொண்டு வா' என்று இலக்கு வைத்தார்கள். அப்போது தில்லியில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்; 'வேறு வழியில்லை' என்ற சொல் அங்கும் வரும். இங்கே இரண்டு ஆண்டுக்குள் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. சீனாவில் அது முப்பத்தைந்து ஆண்டு நீடித்தது.

படத்தின் பிற்பகுதி கடல் கடந்து வருகிறது. தெருவில் விடப்பட்ட குழந்தைகளை எடுத்து வருபவர்களுக்கு அனாதை இல்லங்கள் பணம் கொடுத்தன. 1990-களில் வெளிநாட்டுத் தத்து முறை வந்த பிறகு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போயின, பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. பெற்றோரிடமிருந்து அதிகாரிகள் பிடுங்கிய குழந்தைகளும் அவற்றில் இருந்தன. ஆனால் காகிதத்தில் 'பெற்றோர் கைவிட்டது' என்றே எழுதப்பட்டது. ஓர் இரட்டையரில் ஒருத்தி சீனக் கிராமத்தில், மற்றவள் அமெரிக்க வீட்டில். அன்போடு வளர்த்த அமெரிக்கத் தாய் தந்தையர் கேட்க விரும்பாத செய்தி அது. சீன அரசு வெளிநாட்டுத் தத்தை 2024-ல் நிறுத்தியது.

இத்தோடு முடித்திருந்தால், அமெரிக்கர்கள் 'சீனா இவ்வளவு கொடிய நாடா!' என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். கடைசியில் நான்ஃபு ஒரு வார்த்தை சொல்கிறார். கருவைக் கலைக்கும்படி பெண்களைக் கட்டாயப்படுத்திய நாட்டை விட்டு, கருவைக் கலைக்கக் கூடாது என்று தடுக்கும் நாட்டுக்குத் தாம் வந்திருப்பதாகவும், இரண்டிலும் பெண்ணின் உடம்பின் மேல் அதிகாரம் அரசுக்கே என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். படம் வந்து மூன்று ஆண்டில், 2022-ல், கருக்கலைப்பு அரசியல் சட்ட உரிமை அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவருடைய தாய் மட்டும் கடைசி வரை மசியவில்லை. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் நாடே பட்டினியில் அழிந்திருக்கும் என்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் ஊருக்குப் போய், எதையாவது கேட்கப்போய், 'வெளியூரில் இருக்கிற உனக்கு என்ன தெரியும்?' என்று வாங்கிக் கட்டிக்கொண்ட நமக்கு அந்தக் காட்சியில் புதிதாக ஒன்றுமில்லை. மகள் வாதாடவில்லை. தாயின் பதில் அப்படியே படத்தில் இருக்கிறது.

2020-ல் அவருக்கு மேக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் புத்தாண்டுக்காக மகனோடு தாய் வீடு சென்றவர், பையனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வேலை நிமித்தம் அமெரிக்கா திரும்பியிருந்தார். 23-ஆம் தேதி வூஹான் நகரம் பூட்டப்பட்டது. பதறிப்போய்ப் பையனை வரவழைத்துக்கொண்டார்கள். வூஹானில் இருந்த ஒளிப்பதிவாளர்களைத் தொலைவிலிருந்தே இயக்கிப் படம் எடுக்கத் தொடங்கினார். சீனாவில் நோயைப் பற்றிப் பேசிய எட்டு மருத்துவர்களை 'வதந்தி பரப்பியவர்கள்' என்று தொலைக்காட்சியே அறிவித்தது. அமெரிக்காவில் அபாயம் குறைவு என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருக்க, குறைகளை வெளியே சொன்ன செவிலியர்கள் வேலையை இழந்தார்கள். 2021-ல் வந்த 'இன் தி சேம் பிரெத்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது.

2024-ல் கியூபாவின் ஜனநாயகப் போராளி ரோசா மரியா பாயாவைப் பற்றி 'நைட் இஸ் நாட் எடர்னல்' வெளிவந்தது. பல ஆண்டு தொடர்ந்து எடுத்த படம். தம் நாட்டுக்கும் ஒருநாள் இப்படி ஒரு வழி பிறக்குமா என்ற ஆசையோடு தொடங்கியவர், அமெரிக்க அரசியலைத் தாமும் பாயாவும் ஒரே விதமாகப் பார்க்கவில்லை என்பதைப் பாதி வழியில் கண்டுகொள்கிறார். அந்த ஏமாற்றத்தையும் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார்.