நெற்பயிரின் உட்காவல்

பெரிய காஞ்சிபுரத்தார்க்குப் பட்டின் பெருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பட்டிழை ஒருவகைப் புரதம் என்பதை அறிந்தார் சிலரே. அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் மணிகள்போல் வரிசையாகக் கோக்கப்பெற்ற சரமே புரதம். அவ்வரிசை வேறுபடின் புரதத்தின் தொழிலும் வேறுபடும். புழுவிற்குக் கூடாக அமையும் இவ்வினப் பொருளே, நம்மூரைச் சூழ்ந்த ஏரிப்பாசன வயல்களில் நெல்லுக்குக் காவலாகவும் நிற்கின்றது. அக்காவலின் இயல்பை ஈண்டு ஆராய்வாம்.

நெல்லின் பெரும்பகை குலைநோய். இதனை விளைப்பது ஒரு பூஞ்சணம். இரவிற் குளிரும் இலைமேற் பனியும் தங்குங்கால் இந்நோய் மிகும். இலைகளிற் கண் வடிவான புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைப் பற்றின், கதிர் ஒடிந்து மணிகள் பதராகும். 1919-ஆம் ஆண்டில் தஞ்சைக் கழிமுக நாட்டில் இது பேரழிவு செய்தது.

இலைமேல் ஒட்டிய பூஞ்சண வித்து முளைத்து, காற்று மண்டல அழுத்தத்தினும் ஏறக்குறைய 80 மடங்கு மிக்க விசையால் இலைத்தோலைத் துளைக்கும். பயிர் வாளா இருப்பதில்லை. பூஞ்சணத்தின் சுவரில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. நெல்லின் உடலில் அஃது இல்லை. ஆதலின், கைட்டினேஸ் என்னும் புரதம் தன் பயிருக்குத் தீங்கின்றிப் பகைவனின் சுவரை மட்டும் அறுக்கும். சிதைந்த துண்டுகளை உயிரணுவின் மேலுள்ள வேறு புரதங்கள் உணர்ந்து, எதிர்ப்பை எழுப்பும்.

இக்காவலை அடக்கப் பூஞ்சணமும் தன் புரதங்களை அணுவினுள் செலுத்தும். அவற்றுள் ஒன்றை அடையாளங் காணும் நெற்புரதம் பைடா என்பது. அதன் மரபணு 2000-ஆம் ஆண்டில் விளக்கப்பெற்றது. 928 மணிகள் கொண்ட அச்சரத்தில் 918-ஆவது அலனின் ஆயின் காவல் உண்டு; செரின் ஆயின் இல்லை. பகையைக் கண்டவுடன் தாக்குண்ட அணு தானே மடிந்து, நோய் பரவாது தடுக்கும்.

இந்நுட்பம் விளங்குதற்கு நெடுங்காலம் முன்னரே கோயமுத்தூர் நெல் ஆராய்ச்சியாளர், நோய் தாங்கும் கோ 4 இரகத்தை ஆடுதுறை 10 உடன் இணைத்துக் கோ 25 என்பதைப் பெற்றனர். ஆயினும் பகைவனும் உருமாறுவான். தன் புரதத்தைச் சிறிது மாற்றிக்கொண்ட பூஞ்சணத்தைப் பழைய காவலன் அறியான். ஆகவே, ஒரே இரகத்தை எங்கும் விதைப்பதும், தழைச்சத்தை மிகுதியாக இடுவதும் தகா. பல மரபணுக்களை ஒருங்கே கொண்ட இரகங்களை ஆக்குதல் இன்றைய அறிஞர் நெறி. வித்தினை ஆராய்ந்து தேர்தலே உழவர்க்கு முதற் காப்பு என்று நாம் துணிகின்றோம்.