காதிரைச்சலுக்கு மாட்டும் கருவி: காசைக் கொடுப்பதற்கு முன்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மூலப்பொருள் அரைக்கும் பால் மில் ஓடும் ஷெட்டில் பகல் முழுக்க நின்றுவிட்டு, கருவேப்பிலங்குறிச்சிக்குக் கடைசி பஸ் பிடித்து வந்து படுக்கிறீர்கள். மில் எப்போதோ நின்றுவிட்டது. காதுக்குள் மட்டும் ‘ஙொய்’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து போனில் விளம்பரம் வருகிறது: தலையில் மாட்டுங்கள், காதில் கவ்வுங்கள், கையில் கட்டுங்கள், பதினைந்து நாளில் இரைச்சல் போய்விடும்.

மாட்டும் கருவி எல்லாமே மோசடி இல்லை. சிலவற்றுக்கு நல்ல ஆய்வு இருக்கிறது. ஆனால் சத்தத்தை ஸ்விட்ச் போட்டதுபோல் அணைக்கும் கருவி இதுவரை வரவில்லை. உள்காதின் மயிரிழைச் செல்கள் கெட்டால் திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து வர வேண்டிய சத்தம் குறைந்ததும் மூளை தன் பங்குக்கு வால்யூமை ஏற்றிக்கொள்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அந்த இரைச்சலைப் பொருட்படுத்தாமல் இருக்க மூளையைப் பழக்குவதே நல்ல கருவியின் வேலை. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் உஷாராக இருங்கள்.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம் காதைக் காட்டுங்கள். குறும்பி அடைத்தாலே இரைச்சல் வரும். செவிப்பறை ஓட்டை, சீழ், ரத்தசோகை, தைராய்டு என வேறு காரணங்களும் உண்டு. பத்து நிமிடத்தில் எடுக்கக்கூடிய குறும்பிக்குப் பத்தாயிரம் ரூபாய் கருவி எதற்கு?

2. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்து, அந்தத் தாளைக் கையில் வாங்கி வையுங்கள். இயந்திரச் சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் தெரியாமல் எந்தக் கருவியையும் சரியாக ட்யூன் செய்ய முடியாது. உள்ளூரில் வசதி இல்லையென்றால் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போங்கள்.

3. இந்த அறிகுறி ஏதாவது இருந்தால் கருவியை மறந்துவிட்டு இன்றே கிளம்புங்கள். திடீரென ஒரு காது கேட்காமல் போவது, ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்பது, தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது. திடீர்க் காது இழப்புக்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். கூரியரில் கருவி வரும் வரை காத்திருந்தால் அந்த நாட்கள் வீணாகும்.

4. காது மந்தமும் சேர்ந்திருந்தால் முதலில் காது மிஷின் போட்டுப் பாருங்கள். இரைச்சலுக்கு மாட்டும் கருவிகளில் டாக்டர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வெளிச்சத்தம் தெளிவாகக் கேட்கத் தொடங்கினால் உள்சத்தம் பின்னுக்குப் போகும். தகுதி உள்ளவர்களுக்கு அரசே இலவசமாகத் தருகிறது. கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

5. காசில்லாத சத்தத்தை முதலில் முயலுங்கள். இரவில் ஃபேன் சத்தம், போனில் மழைச் சத்தம், இலவச ஆப்பில் கிடைக்கும் அருவிச் சத்தம். தலையணையிலிருந்து தள்ளி, மெதுவாக ஓடட்டும். இதிலேயே தூக்கம் வருகிறவர்கள் உண்டு.

6. கருவி எந்த வகை என்று விற்பவரிடம் கேளுங்கள். சத்தத்தை மட்டும் தருவது ஒரு வகை. சத்தத்தோடு நாக்கிலோ கழுத்திலோ மென்மையான மின் தூண்டலையும் தருவது இன்னொரு வகை. சத்தத்தோடு மணிக்கட்டில் அதிர்வைத் தருவது மூன்றாவது. எந்த வகை என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

7. ஆய்வைப் பற்றிக் கேளுங்கள்: எந்த வருடம், எத்தனை பேர், எதோடு ஒப்பிட்டார்கள்? அயர்லாந்தின் நியூரோமாட் நிறுவனம் செய்யும் லெனீர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் ஹெட்ஃபோன், நாக்கில் மின்முனைத் தகடு. 2020-இல் வெளியான ஆய்வில் 326 பேர் இருந்தார்கள். ஆனால் போலிக் கருவியோடு ஒப்பிடவில்லை. அடுத்த ஆய்வில் 112 பேர். முதல் 6 வாரம் சத்தம் மட்டும், அடுத்த 6 வாரம் சத்தமும் நாக்குத் தூண்டலும். நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ இரைச்சல் இருந்தவர்களுக்குத்தான் சத்தத்தைவிடக் கூடுதல் பலன் தெரிந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்ததும் அப்படிப்பட்டவர்களுக்கே. இவ்வளவு சோதித்த கருவிக்கே இத்தனை நிபந்தனை என்றால், ஆய்வே இல்லாத கருவியை என்னவென்று சொல்வது?

8. மாட்டுவதற்கு முன்பே மார்க் போட்டு வையுங்கள். டி.ஹெச்.ஐ. என்று 25 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. 0 முதல் 100 வரை மார்க். ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்டு இன்று ஒரு தடவை, 6 வாரம் கழித்து, 12 வாரம் கழித்து நிரப்புங்கள். 7 மார்க்காவது குறைந்தால்தான் பலன் என்று கணக்கு. முன்கூட்டிய மார்க் இல்லாவிட்டால், செலவழித்த காசே ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று சொல்ல வைத்துவிடும்.

9. டிரயல் எத்தனை நாள், திருப்பித் தந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு கேஸுக்கு நிற்காது. பில்லில் கருவியின் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கட்டும்.

10. பெட்டியில் உரிம எண்ணையும் இறக்குமதி செய்தவர் முகவரியையும் தேடுங்கள். சிகிச்சைக்கென்று விற்கும் கருவி 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ‘வெல்னஸ்’, ‘ரிலாக்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சிகிச்சைக் கருவி இல்லை என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார்.

11. பேஸ்மேக்கர், வலிப்பு, கர்ப்பம், வாயில் புண் எதுவானாலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். மின் தூண்டல் கருவிகள் இவர்களுக்கு ஆகாது.

12. சாப்பிடும், சாப்பிட்ட மருந்துகளின் சீட்டைக் கொண்டுபோங்கள். அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, சில புற்றுநோய் மருந்து, அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவை காதைப் பாதிக்கும். காசநோய்க்கு முன்பு ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

13. சொன்ன நேரம் தவறாமல் மாட்டுங்கள். லெனீர் போன்றவை தினம் 1 மணி நேரம், 12 வாரம் என்று வகுத்தவை. வேலை விட்டு வந்து களைப்பில் நான்கு நாள் விட்டுவிட்டால், பலன் இல்லாததற்குக் கருவி காரணமா நீங்கள் காரணமா என்று தெரியாமல் போகும்.

14. களிமண் தூசி படாமல் கருவியைக் காப்பாற்றுங்கள். மாவு போன்ற தூள் மைக் ஓட்டையில் படிந்து வியர்வையோடு சேர்ந்தால் பற்றுப் போல இறுகிவிடும். கையைக் கழுவித் துடைத்த பிறகே தொடுங்கள். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். காது மிஷின் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் பிறகு போடுங்கள். அது காற்றை இழுத்து வேலை செய்யும் பேட்டரி.

15. ஷெட்டில் காதை மூடுங்கள். உள்ளே கல்லும் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உருளும் பால் மில் பக்கத்தில், ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெல்லைத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இயர் பிளக்கோ இயர் மஃபோ கேளுங்கள். சத்தத்தால் வரும் காது இழப்பு தொழிலாளர் சட்டத்தின் அட்டவணையில் உள்ள தொழில் நோய். கேட்பது உங்கள் உரிமை. மாசி மகத்தில் சவுண்ட் பாக்ஸ் பக்கம் நிற்கும்போதும் இதே கணக்குத்தான்.

16. தூக்கமும் மனசும் கெட்டால் அதற்கும் சிகிச்சை கேளுங்கள். இரைச்சலால் வரும் தொல்லையைக் குறைக்க சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை உதவக்கூடும் என்று 28 ஆய்வுகளைத் திரட்டிய 2020 காக்ரேன் அறிக்கை சொல்கிறது. மனம் உடைந்த இரவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், இலவசம்.

செய்யக்கூடாதவை

1. ‘நிரந்தர குணம், கேரண்டி’ என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். காது கேளாமையைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு சட்டமே தடுக்கிறது. இரைச்சலோடு சேர்த்துச் செவிட்டுத்தனமும் போகும் என்று சொல்பவர் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டார்.

2. காந்தக் கம்மல், அக்குபிரஷர் கிளிப், காதுக்குள் சிவப்பு லைட் அடிக்கும் ஹெட்செட் வாங்காதீர்கள். காதிரைச்சலுக்கு இவை உதவும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. காசு போவதைவிட, டாக்டரிடம் போகும் நாள் தள்ளிப்போவதுதான் பெரிய நஷ்டம்.

3. அடுத்தவர் காது மிஷினை வாங்கி மாட்டாதீர்கள். அது அவர் ஆடியோகிராமுக்கு ட்யூன் செய்தது. மாமாவுக்கு ஏற்ற சத்தம் உங்கள் காதைக் கெடுக்கலாம்.

4. இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வால்யூமை ஏற்றாதீர்கள். கருவியின் சத்தமும் உள்சத்தமும் இரண்டுமே கேட்கும் அளவில், உள்சத்தத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் மூளை அதற்குப் பழகும்.

5. மில் ஓடும்போதும் பைக் ஓட்டும்போதும் ஒலிக் கருவி மாட்டாதீர்கள். பெல்ட் அறுந்த சத்தமோ லாரி ஹார்னோ கேட்காது. வெளிச்சத்தத்தை ஜெயிக்க நீங்களும் வால்யூமை ஏற்றுவீர்கள்.

6. பஞ்சை அடைத்துக்கொண்டு அமைதியான அறையில் உட்காராதீர்கள். சுற்றிலும் சத்தம் அடங்கினால் உள்சத்தம்தான் பெரிதாகும். காது மூடி சத்தம் மிகுந்த இடத்துக்கு மட்டும்.

7. பட்ஸ், ஊக்கு, கோழி இறகு விடாதீர்கள். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். குறும்பி உள்ளே போகும், தோல் வெந்துபோகும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். அதன் மேல் எந்தக் கருவியும் மாட்ட முடியாது.

8. கருவியோடு ‘ஃப்ரீயாக’ வரும் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். ஜின்கோ, ஜிங்க், மெலடோனின் ஆகியவற்றைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று மேலே சொன்ன 2014 வழிகாட்டுதல் சொல்கிறது.

9. ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்துக்குக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினை இரைச்சலுக்குப் பயந்து விட்டால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். டாக்டரே மாற்றித் தரட்டும்.

10. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கருவி வாங்கி வரச் சொல்லாதீர்கள். லெனீர் அமெரிக்காவில் சுமார் 4,000 டாலர்; நம் காசுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டும். ஆடியாலஜிஸ்ட் உங்கள் காதுக்கு ட்யூன் செய்து தர வேண்டிய பொருள் அது. சூட்கேஸில் வந்தால் ட்யூனும் இல்லை, சர்வீஸும் இல்லை.

11. இ.எம்.ஐ. போட்டு முழுத் தொகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்தாலும் கடன் திரும்பாது. டிரயல் முடிந்து மார்க் குறைந்த பிறகு மீதியைக் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்; நேர்மையான கடைக்காரர் பேசவாவது செய்வார்.

12. மூன்றாம் நாளே தூக்கிப் போடாதீர்கள். பலன் இல்லாமல் வருடக்கணக்கிலும் மாட்டாதீர்கள். பழக வாரக்கணக்கில் ஆகும். 12 வாரம் கழித்தும் மார்க் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் அடுத்த வழியைக் கேளுங்கள்.

13. ‘இப்போது இருக்கிறதா’ என்று மணிக்கொரு தரம் உற்றுக் கேட்காதீர்கள். தேடத் தேட மூளை அதை முக்கியமான சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். மார்க் போடும் நாளில் மட்டும் கவனியுங்கள்.

14. பட்டன் பேட்டரியைப் பிள்ளைகள் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

15. ஏமாந்தால் வெளியே சொல்ல வெட்கப்படாதீர்கள். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது உங்கள் நம்பிக்கை. கட்டிவிட்டு வந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடுங்கள். பில், விளம்பர ஸ்கிரீன்ஷாட், கூரியர் ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும்.

இன்றைக்கு மூன்றே வேலை. கூடையில் போட்டு வைத்த ஆர்டரை நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும் நாளைக் குறியுங்கள். நாளைக் காலை ஷிஃப்டுக்குப் போனதும் சூப்பர்வைசரிடம் இயர் பிளக் கேளுங்கள். பக்கத்து மில்லில் நிற்பவருக்கும் சேர்த்து.