பங்குனி மாதத்து ஏரியும் பறவைக் கூடுகளும்

மாசிக் கடைசியிலும் பங்குனியிலும் ஏரிகளில் நீர் குறையத் தொடங்கும். மீதமுள்ள நீரை இறைத்தலும், மீன் பிடித்தலும், ஏரியுள் நிற்கும் மரங்களை வெட்டுதலும் இக்காலத்தில் நிகழ்வன. அதே சமயத்தில் அம்மரங்களின்மீது பறவாத குஞ்சுகள் இருக்கக்கூடும். ஆதலால், காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் போன்ற பெரிய ஏரிகளின் பாசனக்காரர்கள், ஒரு நாள் விடியற்காலையில் கரைமேல் நின்று பறவைகளைக் கவனித்தல் நலம்.

நீர்ப்பறவைகளுள் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியன குளிர்காலத்தைக் கழிக்க வடதேசங்களிலிருந்து வருவன. இவை இங்குக் கூடு கட்டுவதில்லை. கோடை முதிருமுன் திரும்பிவிடும். நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா ஆகியவை நீர் சூழ்ந்த மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பன. தாய்ப்பறவை ஒரே கிளைக்குப் பலமுறை வந்து போவதும், குஞ்சுகளின் ஓயாத கூச்சலும் கூடு உண்டென்பதற்கு அடையாளங்கள். மரத்தைச் சூழ்ந்த நீரே கூட்டிற்குக் காவல். அது வற்றினால் நாயும் நரியும் எளிதில் அணுகும்.

இவற்றைக் காப்பதால் குடியானவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் கிராமத்தார் இதற்கு விடை கண்டவர்கள். சுமார் 74 ஏக்கர் பரப்புள்ள அவ்வூர் ஏரியில், மரங்களிலிருந்து விழும் எச்சத்தின் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரோடு கலந்து மதகு வழியே நஞ்சையை அடைகின்றன. இதனை உணர்ந்த ஊரார், பறவைகளைச் சுடுவதைத் தடுக்குமாறு கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, 1798-ல் காப்பு உத்தரவு பெற்றனர். 1936-ல் அவ்வேரி சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அன்றியும், நத்தைகுத்தி நாரை நத்தைகளைத் தின்னும். உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளைப் பொறுக்கும்.

பாசனக்காரரும் கிராம அதிகாரிகளும் செய்யத் தக்கவை:

1. கூடுள்ள மரங்களைக் குஞ்சுகள் பறந்து செல்லும் வரை வெட்டலாகாது.

2. பயிருக்கு அவசியமான நீரைப் பாய்ச்சுக. மீனுக்காக மட்டும் ஏரியை வடித்துவிடலாகாது.

3. கூடுகளுக்கு அருகில் வலை வீசுதலையும் வெடி வெடித்தலையும் தவிர்க்க வேண்டும். பறவை வேட்டை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

4. ஏரி நீரில் எச்சம் கலந்திருப்பினும், மண் பரிசோதனை செய்து பார்த்த பின்னரே உரத்தைக் குறைக்க வேண்டும்.

மரம் வெட்டிய விறகு ஒரு முறைதான் பணம் தரும். கூடுள்ள மரமோ, மழை பெய்து ஏரி நிரம்பும் வருஷந்தோறும் வயலுக்கு உரம் தரும்.