தெரு நாய்க்குட்டியை வீட்டில் சேர்க்கலாமா?

மார்கழி, தை மாதங்களில் ஆரணிப் பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஸ்கூல் விட்டு வரும் பையன் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வருவான். "என்னடா அது?" என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு முனகல். அவ்வளவுதான்! "அய்யய்யோ, எடுத்த இடத்துலயே விட்டுட்டு வா! மொதல்ல கையைக் கழுவு!"

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவிகிதம் வரை நாய் மூலமாகவே வருகிறது. அதிகம் கடிபடுவதும் பள்ளிக்கூடம் போகும் வயசுப் பிள்ளைகள்தான். ஆகவே நாயை வளர்ப்பது பற்றிப் பேசுவதற்கு முன்னால், இந்தப் பயத்தைப் பேசி முடித்துவிடுவோம்.

கடித்துவிட்டால்...

வெறிநோய்க் கிருமி ஒரு வைரஸ். வெறி பிடித்த மிருகத்தின் எச்சிலில் இருந்து காயம் வழியாக உள்ளே போய், நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறும். அதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருஷம் கழித்தும் வரலாம். தண்ணீரைக் கண்டு மிரளும் கட்டம் வந்துவிட்டால் அநேகமாக எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. ஆனால் கிருமி மூளைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த அவகாசத்தில் ஊசி போட்டுக்கொண்டால், அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்ளலாம். 1885 ஜூலை 6-ம் தேதி லூயி பாஸ்டர் பாரிஸில் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஊசி போட வைத்து நிரூபித்தது இதைத்தான். 1907-லேயே நம் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்துவிட்டது.

நாய் கடித்தாலோ, பிராண்டினாலோ, புண்ணில் நக்கினாலோ முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம்! இந்தக் கழுவலே கிருமியில் பெரும் பகுதியை வெளியேற்றிவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். துணி போட்டு இறுக்கிக் கட்டவும் வேண்டாம். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம்.

"தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசியாமே?" என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 2004-ம் ஆண்டோடு நம் நாட்டில் அதை நிறுத்தியாயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ம் நாட்கள். தசையில் போட்டால் 14-ம் நாளும் ஒன்று உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் 'இம்யூனோகுளோபுலின்' என்ற இன்னொரு மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போடவேண்டும். இதை டாக்டரிடம் நீங்களே நினைவுபடுத்திக் கேட்டால் தப்பில்லை. "நம்ம வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்" என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் ஊசி, கூடவே நாயைக் கவனிப்பது. பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் மீதி ஊசி வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

பிடித்துக்கொண்டு போனால் தீராதா?

தெருவில் நாய்த் தொல்லை என்றதும் நமக்குத் தோன்றுவது ஒரே யோசனைதான். வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிடுவது. கமண்டல நாகநதிக்கு அந்தாண்டை விட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைப்போம். ஆனால் ஒரு தெருவில் எச்சில் சோறும் கறிக்கடைக் கழிவும் இருக்கிற வரை அங்கே நாய்க்கு இடம் இருக்கிறது. பழைய நாய்கள் போனால் அடுத்த தெரு நாய்கள் வந்து குடியேறும். வந்தவை ஊசி போடாதவை, ஆள் தெரியாதவை. இடத்துக்குச் சண்டை போடும், குட்டிபோடும்.

சென்னை இதைப் பட்டே தெரிந்துகொண்டது. பல தலைமுறையாக அங்கே மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய் குறையவில்லை. 1959-ல் விமானி கேப்டன் வி. சுந்தரம், மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை தி.நகரில் பார்த்து வீட்டுக்கு எடுத்து வந்தார். அவரும் மனைவி உஷா சுந்தரமும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'புளூ கிராஸ்'. (அந்த அம்மாளும் விமானம் ஓட்டியவர்தான்!) 1964-லிருந்தே தெரு நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து, ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடலாம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாநகராட்சி இறங்கி வந்து அதைச் செய்து பார்க்க 1996 ஆயிற்று. 2001-ல் அதுவே மத்திய அரசின் விதியானது. 2023-ல் புது விதிகளும் வந்தன. டெல்லித் தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆபரேஷன், ஊசி முடித்துப் பிடித்த இடத்திலேயே விடும்படி சொன்னது. வெறி பிடித்ததற்கும் மூர்க்கமானதற்கும் மட்டும் விலக்கு. தத்து எடுத்தவர்கள் அந்த நாயை மறுபடி தெருவில் விடக்கூடாது என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. இதைக் கவனியுங்கள், பின்னால் வருகிறேன்.

ஒரு ஊரின் நாய்களில் 70 சதவிகிதத்துக்குத் தொடர்ந்து ஊசி போட்டுவந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுந்துவிடும். பத்தில் ஏழு! உங்கள் தெருவில் பத்து நாய் இருந்தால் ஏழுக்குப் போட்டால் போதும். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் பாதுகாப்பு.

காப்பகத்துக்கு என்ன கொடுக்கலாம்?

ஆரணியிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில் திருவண்ணாமலையில் 'அருணாச்சலா' என்ற பெயரில் ஒரு விலங்குகள் காப்பகம் இருக்கிறது. அடிபட்ட தெரு நாய்க்குச் சிகிச்சை, கருத்தடை, தத்து கொடுப்பது எல்லாம் உண்டு. அந்த ஊருக்கு இது பொருத்தம்தான். ரமணாசிரமத்துக்குப் போனவர்கள் பசு லட்சுமியின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. ரமண மகரிஷி ஆசிரமத்து மிருகங்களை 'அது' என்று சொல்லமாட்டார். 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார்.

கிரிவலத்துக்குப் போகும்போது ஒரு நடை எட்டிப் பாருங்களேன். பணம்தான் கொடுக்கவேண்டும் என்றில்லை. பழைய வேட்டி, கிழிந்த போர்வை, நியூஸ் பேப்பர், அரிசி, பூச்சி மாத்திரை எல்லாமே காப்பகங்களுக்கு உதவும். முதலில் போன் செய்து எது தேவை என்று கேட்டுக்கொண்டால் நல்லது. ஆனால் நெசவாளர் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். 'குட்டிக்கு மெத்தென்று இருக்குமே' என்று நூல் கழிவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். காரணம் கீழே.

இன்னொரு உதவியைப் பலரும் யோசிப்பதில்லை. ஆபரேஷன் ஆன நாயையோ, தாயை இழந்த குட்டியையோ பத்து நாள், இரண்டு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. காப்பகத்தில் ஓர் இடம் காலியாகும். உங்களுக்கும் நாய் வளர்ப்பது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

தத்து எடுப்பதென்றால்...

நாய் பத்து முதல் பதினைந்து வருஷம் வாழும். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் இருக்கும் உங்கள் பெண் காலேஜ் முடிக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குக் கொண்டுவந்து ஆடியில் தெருவில் விடுவதற்கு, கொண்டுவராமலே இருக்கலாம். வீட்டுச் சோறு தின்று பழகிய நாய் தெருவில் பிழைக்காது.

குட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். காப்பகத்தில் இரண்டு, மூன்று வயது நாயின் சுபாவம் அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளோடு பழகுமா, பூனையைத் துரத்துமா என்று கேட்டே எடுக்கலாம். பெரும்பாலும் ஆபரேஷனும் முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து 'ஹஸ்கி' வாங்கி, நம் சித்திரை வெயிலில் அது நாக்கைத் தொங்கப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நாட்டு நாய் எவ்வளவோ மேல்! இந்த மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் பழகின உடம்பு அது.

தெருவில் எடுத்த குட்டியா? இரண்டு மாதம் ஆகும்வரை, தாய் இருந்தால், தாயிடமே இருக்கட்டும். எடுத்ததும் முதலில் போகவேண்டிய இடம் மாட்டாஸ்பத்திரி. பூச்சி மருந்து முதல் நாளே. குட்டி வயிற்றில் இருக்கும் உருண்டைப் புழுவும் கொக்கிப் புழுவும் நம் பிள்ளைகளையும் பாதிக்கும். அம்மா "கையைக் கழுவு" என்று கத்தியது சரிதான்! ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்கவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி 'பூஸ்டர்', வருஷா வருஷம் ஒன்று. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். பாஸ்டர் மறைந்த நாள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். ஆறு மாதம் ஆனதும் ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். "ஒரு தடவையாவது குட்டி போடணுமாமே" என்பதெல்லாம் வெறும் பேச்சு.

சாப்பாட்டுக்கு சோறு, வேகவைத்த முட்டை, பூசணி, கொஞ்சம் தயிர் போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். காய்ச்சல் என்று நமக்குப் போடும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இனி தறி வீட்டு விஷயம். குழித்தறி உள்ள வீட்டில் குட்டி குழிக்குள் விழும், மிதிப் பலகையில் கால் மாட்டும். ஒரு பழைய பலகையை நிறுத்தி மறைத்துவிடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து நூல். தார் சுற்றிய மிச்சம், ஜரிகைத் துணுக்கு எதுவானாலும் குட்டி மென்று விழுங்கிவிடும். நீள நூல் குடலைக் கொசுவம் போலச் சுருக்கி அறுத்துவிடும். பின்னாலே நூல் தொங்குகிறதே என்று பிடித்து இழுக்காதீர்கள்! வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குவது இரண்டும் இருந்தால் அன்றைக்கே டாக்டர். சாயத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுகிற நேரத்தில் நாயைக் கட்டிப்போடுவது அக்கம்பக்கத்து உறவுக்கு நல்லது. ஒரு நாய் பாவுக்குள் புகுந்து ஓடினால் அந்தக் குடும்பத்தின் பல நாள் உழைப்பு போச்சு. இது நாயின் தப்பில்லை, கட்டாமல் விட்டவர் தப்பு.

பிள்ளைகளுக்கு மூன்றே கட்டளை. சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதே. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையையும் நாயையும், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், தனியாக விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், எடுப்பதற்கு முன்னால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் வளர்க்காமல், தெரு நாய் ஒன்றுக்கு ஊசிச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

முதல் இரண்டு, மூன்று ராத்திரி குட்டி அழும். அம்மா வாசனைக்கு ஏங்கும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, படுக்கையை நீங்கள் படுக்கும் இடத்துக்கு அருகே போடுங்கள். நாலாம் நாள் அதுவே தூங்கிவிடும்.