இயக்குநர் அதிகாரத்தைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

அண்ணன் தம்பியாக நடத்திய மளிகை மண்டிகள் பல இன்று பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளாகிவிட்டன. பெயர்ப்பலகை மாறினாலும் பழக்கம் மாறுவதில்லை. தல்லாகுளத்தில் அப்படி ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணாச்சி வெளியூர் போகும்போது கல்லாச் சாவியைத் தருவதுபோல, "என் இயக்குநர் பதவியை நீயே பார்" என்று மருமகனிடம் ஒப்படைக்கலாமா?

கூடாது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 166-ஆம் பிரிவின்படி பதவியை மாற்றிக் கொடுத்தால் அது செல்லாது. அதிகாரத்தை மட்டுமே ஒப்படைக்கலாம். அதற்கும் 179-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது.

ஒப்படைக்கக் கூடியவை: கடன் வாங்குதல், கம்பெனிப் பணத்தை முதலீடு செய்தல், கடன் கொடுத்தல் அல்லது ஜாமீன் நிற்றல். இவற்றை நிர்வாக இயக்குநர், மேலாளர், இயக்குநர்களின் உட்குழு, கம்பெனியின் அல்லது கிளையின் முதன்மை அதிகாரி ஆகியோரிடம் விடலாம். ஆனால் இயக்குநர் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வீடு வீடாகத் தாளை அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் போதாது. தொகை வரம்பையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஒப்படைக்கக் கூடாதவை: பங்கு வெளியிடுதல், ஆண்டுக் கணக்கை அங்கீகரித்தல், புதுத் தொழிலில் இறங்குதல் முதலியன.

அன்றாடச் சரக்கு ஒப்பந்தங்களில், குழு அதிகாரம் அளித்த ஊழியரே கையெழுத்திடலாம் (பிரிவு 21).

கம்பெனிக்குக் கடன் தருபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 1934-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த கோட்லா வெங்கடசாமி வழக்கைப் பாருங்கள். நிர்வாக இயக்குநர், செயலாளர், பணி இயக்குநர் ஆகிய மூவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் நடைமுறை விதி. அடமானப் பத்திரத்தில் இருந்ததோ இருவர் கையெழுத்து. விதிகளைப் படித்திருந்தால் குறை தெரிந்திருக்குமே என்று கூறி, அப்பத்திரத்தின் பேரில் உரிமை கோர முடியாதென நீதிமன்றம் தீர்த்தது.

உள்ளே தீர்மானம் முறையாக நிறைவேறியிருக்கும் என்று வெளியார் நம்பலாம். 1856-இல் இங்கிலாந்தில் டர்குவாண்ட் வழக்கில் பிறந்த கொள்கை இது. ஆனால் விதிகளைப் படிக்காதவருக்கு அது துணை நிற்காது.

ஆகவே பெரிய தொகைக்குக் கடனாகச் சரக்கு அனுப்புமுன், ஜாமீன் கடிதம் வாங்குமுன், நடைமுறை விதிகளையும் தீர்மான நகலையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது அவநம்பிக்கை அல்ல, வியாபார ஒழுங்கு.